சகலையின் ரோமாபுரிக் காசுகள்

என் மனைவியின் அக்காவைப் பாலக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் கணவர், அதாவது என் சகலை, வீட்டின் முன்பக்கத்திலேயே பாத்திரக்கடை வைத்திருந்தார். நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு டவுனில் ஒரு காலேஜ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். தீபாவளி, பொங்கல் என்றால் புத்தூரில் மாமனார் வீட்டில் இருவரும் சந்தித்துக்கொள்வோம். சாப்பாடு ஆனதும் கூடத்தில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காருவோம்.

“அப்புறம், ஆபீஸெல்லாம் எப்படிப் போகுது?”

“போகுதுங்க. கடை?”

“அது பாட்டுக்குப் போகுது.”

அத்துடன் பேச்சு தீர்ந்துவிடும். அவர் சுவரைப் பார்ப்பார், நான் பேப்பரைப் பார்ப்பேன். கல்யாணமாகி நாலைந்து வருஷம் எங்கள் உறவு இந்த அளவில்தான் இருந்தது.

ஒரு பொங்கலன்று அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, அதிலிருந்ததைப் பேப்பர் மேல் கொட்டினார். கறுத்தும் பச்சை பூத்தும் கிடந்த சின்னச் சின்னச் செம்புத் துண்டுகள். பெரியது புளியங்கொட்டை அளவு, சிறியது சட்டைப் பொத்தான் அளவு.

“கரூர்லேர்ந்து பழைய செம்பு வரும். அதோட வந்தது. ஆத்து மணல்ல சலிச்சு எடுக்குறாங்களாம். உருக்கப் போடலாம்னு பார்த்தா ஒண்ணுல மூஞ்சி தெரியுது. பாருங்களேன் சகலை.”

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்த ஒரு ஆண் முகம், தலையில் ஏதோ பட்டை. சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்து. ஆனால் வார்த்தை ஒன்றும் இங்கிலீஷாக இல்லை.

“ஜார்ஜ் ராஜாவோ?” என்றார்.

“அவருக்கு மூக்கு இப்படி இருக்காதுங்க” என்றேன்.

பொங்கல் லீவு முடிந்ததும் காலேஜ் லைப்ரரியில் பழைய நாணயங்களின் படம் போட்ட ஒரு தடித்த புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். அதே பட்டை, அதே மூக்கு. ரோமாபுரிக் காசு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தையது. அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டு நேராகப் பாலக்கரைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பையனைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். காசுகளை விற்று வரும் பணத்தில் மாடியில் ஒரு ரூம் கட்டப்போவதாக அவர் சொன்னார். எனக்குப் புது சைக்கிள் ஞாபகம் வந்தது.

காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காசுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கேட்டதும் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். சகலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார்.

அந்த அம்மாள் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தார். “இதெல்லாம் நல்லாத் தெரியுது. இது பாதி தெரியுது. இது வெறும் செம்புங்க, ஒண்ணும் பண்ண முடியாது.” பிறகு எங்களுக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் தலையைப் பார்க்க வேண்டும்: இலைக் கிரீடமா, முத்துப் பட்டையா, முள் மாதிரிக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கிறதா. அப்புறம் திருப்பிப் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அடியில் ஓரிரு எழுத்து மிஞ்சியிருந்தால் எந்த ஊரில் அடித்தது என்று அதில் தெரியும். ஒரு சிப்பாய், குதிரையிலிருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்துகிற காசை எடுத்துக் காட்டி, “இது ரொம்பச் சாதாரணம். எங்க தோண்டினாலும் வரும்” என்றார்.

பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்தார். “இதை யார் தேய்ச்சது?”

“நான்தாங்க. புளி போட்டு வெளக்கினேன்” என்றார் சகலை, கொஞ்சம் பெருமையாகவே.

“இனிமே வெளக்காதீங்க. மேல இருந்த பச்சைதான் அந்த முகத்தைக் காப்பாத்திட்டு இருந்துச்சு. எண்ணெயில ஊறப் போட்டு, குச்சியால மண்ணை மட்டும் எடுத்தாப் போதும்.”

பாத்திரக்காரரிடம் பளபளப்புக் கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் முகம் சுண்டிப்போனது. கடைசியில் விலை கேட்டார். நல்லாத் தெரிகிறவை ஒரு ரூபாய் போகலாம், பாதி தெரிகிறவை நாலணா என்றார் அந்த அம்மாள்.

“ஆயிரத்து அறுநூறு வருஷம்ங்கிறீங்க. எங்க கடையில பழைய அண்டாவே அதைவிட நல்ல விலைக்குப் போகுமே?”

“வயசுக்கு யாரும் விலை குடுக்கறதில்லைங்க. எவ்வளவு தெளிவா இருக்கு, அந்த மாதிரி எத்தனை கிடைக்குது, யாருக்கு வேணும், இதை வச்சுத்தான் விலை. தங்கமும் வெள்ளியும் வேற. இது சந்தையில கீரை வாங்கின சில்லறை.”

வெளியே வந்து ஒரு கடையில் காபி சாப்பிட்டோம். அவர் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார். பிறகு, “விக்கிறதுக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப சும்மா வச்சுப் பார்க்கலாம்ல?” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், அல்லது நான் போவேன். நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறிய காசுகளை எடுத்து மூங்கில் குச்சியால் சுரண்டுவோம். எழுத்தைப் படிப்பது என் வேலை. பொறுமையாகச் சுரண்டுவது அவர் வேலை. நான் சுரண்டினால் ராஜாவின் காதும் சேர்ந்து வந்துவிடும்.

இதற்கு நடுவில் எங்கள் பெண்ணுக்குக் காதுகுத்து வந்தது. அலைச்சலில் அக்கா வீட்டுக்கு நேரில் போய் அழைக்காமல் தபாலில் பத்திரிகை போட்டுவிட்டோம். அக்கா வரவில்லை. என் மனைவி கோபத்தில் ஏதோ சொல்ல, அது அங்கே போய்ச் சேர, அக்கா தங்கை பேச்சு நின்றுபோனது. சகலையும் ஸ்ரீரங்கம் வருவதை நிறுத்திவிட்டார். நான் மட்டும் ஆபீஸ் விட்டதும், காந்தி மார்க்கெட்டில் காய் வாங்குகிற சாக்கில் அவர் கடைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் என் மனைவி கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “காய்ல நல்லெண்ணெய் வாசனை வருதுங்க” என்றாள். நான் பையை மடித்து ஆணியில் மாட்டினேன். கொஞ்சம் கழித்து, “அக்காவுக்கு முட்டிவலி தேவலையாமா?” என்று கேட்டாள். தேவலை என்றேன். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரெல்லாம் ஜனம். அன்று மத்தியானம் வாசலில் சகலை நின்றார், பின்னால் அக்கா. “சேவிச்சுட்டு அப்படியே போயிடலாம்னேன். இவரு கேக்கலை. ஏதோ ராஜா மூஞ்சி தெரிஞ்சிருச்சாம், உடனே காட்டணுமாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அக்கா. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

காசை வாங்கி, இதற்கென்று வாங்கி வைத்திருந்த லென்ஸால் வெளிச்சத்தில் பார்த்தேன். மழமழவென்ற முகம். தலையில் என்னவென்று பிடிபடவில்லை. “இளவரசன்தாங்க. தலைப்பாகை கட்டியிருக்கான்” என்றார் சகலை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

“குடுங்க இப்படி” என்று அக்கா லென்ஸோடு வாங்கிப் பார்த்தாள். “என்னத்தைப் பார்த்தீங்க ரெண்டு பேரும்? இது பொம்பளை. சடையைத் தூக்கிச் சுத்திவிட்டிருக்கா. கழுத்துல ஒரு சரம் போட்டிருக்கா பாருங்க.”

என் மனைவி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ரெட்டைச் சரம்க்கா” என்றாள்.

அக்கா மறுபடி பார்த்தாள். “ஆமாண்டி” என்றாள்.

நானும் சகலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் காசை எடுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அக்கா மூக்கைச் சிந்துவது கேட்டது. அப்புறம் என் மனைவியின் குரல், பிறகு இரண்டு குரலும் சேர்ந்து. ஏகாதசி என்பதால் சோறு கிடையாது. ரவை உப்புமா வந்தது. யாரும் காதுகுத்தைப் பற்றிப் பேசவில்லை.

பொங்கல் கழித்துக் காலேஜ் அம்மாளிடம் காசைக் காட்டினோம். பெண்தான் என்றார். சக்கரவர்த்தி ஒருவருடைய தாயாராம். நம் பக்கத்தில் அதிகம் கிடைக்காது, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் நாலைந்து ரூபாய் போகும் என்றார்.

“தெரிஞ்சுக்கத்தாங்க கேட்டேன்” என்றார் சகலை. “குடுக்கறதுக்கில்லை. வீட்டுல ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டாங்க.”