சுண்ணாம்பு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நகராட்சிப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவைகளையும் மரங்களையும் காட்டுகிறோம். சம்பளம் இல்லை, தொப்பி உண்டு. பெயிண்ட் கடை அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் அம்மா ஒருவர், கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற நான். அவ்வளவுதான் எங்கள் குழு.

இந்தக் கோடையில் பூங்காவின் ஓரத்தில், சரள் கொட்டிய வெற்றிடத்தில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டது. அது கூடு கட்டாது. கற்களுக்கு நடுவே முட்டைகளும் கற்களைப் போலவே கிடக்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களே என்று பயந்தேன். எங்கள் பக்கத்தில் ஒன்றை மதிக்கிறோம் என்றால் அதற்குச் சுண்ணாம்பு அடிப்போம். கோயில் சுவர், வேப்பமரத்தின் அடி, மைல்கல், எதற்கும் விலக்கில்லை. முட்டைகளைச் சுற்றிக் கல் அடுக்கி வெள்ளையடிக்கலாம் என்று சொன்னது நான்தான். அண்ணாச்சி வாளியும் பிரஷும் கொண்டுவந்தார். வட்டம் நன்றாகவே வந்தது. யாரும் மிதிக்கவில்லை.

ஆனால் எல்லாரும் பார்க்க வந்தார்கள். செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்காட்டி கத்திக் கத்தி எழுந்து பறந்தது. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வருமுன் போனேன். ஒரு வெள்ளைக் கல்லின் மேல் காக்கை உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஓடுகளும் எறும்புகளும் இருந்தன. ஓடுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“முட்டையக் காணோமே சார்?” என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“பொரிச்சிட்டும்மா. ஆட்காட்டிக் குஞ்சு பொரிச்ச அன்னைக்கே நடந்து போயிரும்.”

பாடப்படி சரியான தகவல். இந்த முட்டைகளுக்கு மட்டும் பொருந்தாது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் நான்கு குஞ்சுகள் வரிசையாகப் போவதை வரைந்து, பள்ளி ஓவியப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கினாள். எங்கள் வட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு விளாத்திகுளத்திலிருந்து ஓர் ஆசிரியர் போன் செய்து, அங்கும் ஓர் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது, எவ்வளவு பெரிய கல், எத்தனை பூச்சு என்று விசாரித்தார். விளக்கமாகச் சொன்னேன்.

பிறகு எங்கள் ஆட்காட்டி மறுபடியும் முட்டையிட்டது, சறுக்குமரத்துக்குப் பின்னால். அண்ணாச்சி இரண்டு வாளிகளோடு வந்தார்.

“சார், இந்தத் தடவ காவிப்பட்டையும் சேத்து அடிச்சிருவோம். தூரத்துலயே தெரியும்லா.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏன், போன தடவ நல்லபடியா முடிஞ்சுதுல்லா?”

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாமே என்றும் தோன்றியது.

“போன தடவ பொரிக்கல. வட்டத்தப் பாத்து வந்து காக்கா தின்னுட்டு. பொரிச்சிட்டுன்னு நான் பொய் சொன்னேன்.”

“நாலையுமா?”

“நாலையும்.”

தீப்பெட்டி ஆபீஸ் அம்மா, “படிச்சவிய இப்பிடிச் செய்யலாமா சார்?” என்றார். படித்ததால்தான் அத்தனை சுலபமாகச் செய்ய முடிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“அப்போ டிபன் பாக்ஸத் திருப்பிக் குடுக்கணுமா சார்?” என்றாள் அந்தப் பெண்.

“வேண்டாம்மா.”

“இன்னைக்கு அதுலதான் இட்லி கொண்டாந்திருக்கேன்.”

கலக்கிய சுண்ணாம்பை வேலிக் கம்பங்களுக்கு அடித்தோம். விளாத்திகுளம் ஆசிரியருக்குப் போன் செய்தேன். “அடிச்சாச்சு சார், பளிச்சுன்னு இருக்கு” என்றார். உடனே கற்களை எடுக்கச் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். அங்கே என்ன ஆயிற்று என்று தெரியாது. கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இங்கே புதிய முட்டைகள் காக்கைகளின் கண்ணில் இதுவரை படவில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவை பனங்காடை என்று நான் சொல்கிறேன். பிள்ளைகள் அண்ணாச்சியைப் பார்க்கிறார்கள். அவருக்குக் காக்கையையும் மயிலையும் தவிர எதுவும் தெரியாது. கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, “ஆமா, அதேதான்” என்கிறார். அதன் பிறகுதான் எழுதிக்கொள்கிறார்கள்.