விருப்பமுள்ள பெண்

மத்தியானம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் எனக்குக் கண் செருகும். எதிரே போனைச் சாய்த்துவைத்து மாநிலங்களவையை ஓடவிட்டிருப்பேன். இந்தியிலும் இங்கிலீஷிலும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். திண்டுக்கல் வெயில், மிஷின் சத்தம், அந்தப் பேச்சு எல்லாம் கலந்து, மடியில் ஒரு பிள்ளை படுத்திருப்பதுபோல் இருக்கும். திடுக்கிட்டு விழித்தால் நைட்டித் துணிதான் கிடக்கும்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேறொருத்தி சுமந்து தந்தால்தான் எங்களுக்குப் பிள்ளை. எதிர்வீட்டுக்காரி, நிலக்கோட்டையில் பூ வாங்கிவந்து விற்பவள், இரண்டு பிள்ளை பெற்றவள், தானே வந்து சொன்னாள்.

"நான் சுமக்குறேன்க்கா. அம்புட்டுப் பூக்கூடையத் தூக்குறேன், இதத் தூக்க மாட்டனா?"

ஆனால் வரப்போகும் வாடகைத்தாய்ச் சட்டத்தில், நெருங்கிய உறவுக்காரிதான் சுமக்கலாம், அவளுக்கும் முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்று இருந்தது. மக்களவை அதை நிறைவேற்றியும் விட்டது. எனக்கு வந்ததே கோபம்! உறவாம், மண்ணாங்கட்டி. இந்தப் பேச்சை ஆரம்பித்த நாளிலிருந்து என் நாத்தனார் போனையே எடுப்பதில்லை.

மாநிலங்களவை மட்டும் உடனே தலையாட்டவில்லை. மசோதாவை ஒரு தெரிவுக்குழுவிடம் கொடுத்தது. அந்த உறுப்பினர்கள் டாக்டர்களைக் கேட்டார்கள், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டார்கள், ஒவ்வொரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். உறவு வேண்டாம், விருப்பமுள்ள பெண் யாராக இருந்தாலும் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரில் படித்ததும் தெருவைத் தாண்டி ஓடினேன். டெல்லியில் யாரோ இவளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்றே தோன்றியது. அவளுக்கு அப்போது முப்பத்து நாலு.

அப்புறம் கொரோனா வந்தது. மசோதா அப்படியே கிடந்தது.

"இன்னைக்காச்சும் எடுப்பாகளாக்கா?" என்று பூக்கட்டிக்கொண்டே கேட்பாள். எனக்குப் பாதித் தூக்கம். அந்தச் சிவப்புக் கம்பள அவைக்குள் மல்லிகை வாசம் அடிக்கும். தலைவர் இருக்கைக்கு முன்னால் ஒரு தொட்டில் ஆடும். உறுப்பினர்கள் சத்தம்போடாமல் சுற்றிப் போவார்கள்.

ஒரு கார்த்திகை மத்தியானம், ஒரே கூச்சலுக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. அடுத்த வாரம், செய்த திருத்தங்களுக்கு மக்களவையும் சம்மதித்தது. விருப்பமுள்ள பெண் என்பது இருந்தது. முப்பத்தைந்து என்பதும் மாறாமல் இருந்தது. ஐப்பசியிலேயே அவளுக்கு முப்பத்தாறு பிறந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் கை நிறையப் பூவோடு வந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"ஆதாருல வருசத்தத் தப்பாப் போட்டுட்டானுகன்னு சொல்லிப் பாப்பமாக்கா?" என்று சிரித்தாள்.

"உன்னத் தேடித்தான் அந்தச் சட்டம் வந்துச்சு புள்ள. வரத்தான் லேட்டாயிருச்சு" என்றேன்.

அவ்வளவுதான். துணிக் குவியலில் உட்கார்ந்து, என் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அழுது அழுது அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள்.