அம்பத்தூரில் ஒரு 'பிரேஹெட்'

அம்பத்தூரில் அப்பா விட்டுச்சென்ற வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபோகிறோம். வாசல் தூணில் பதித்த கல்லில் 'பிரேஹெட்' என்று இருக்கும். பாடி தொழிற்சாலையில் அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் கட்டிய வீடு. ஊர் திரும்பும்போது அப்பாவுக்கு விற்றார். "அர்த்தமே தெரியாத பேரு நமக்கெதுக்கு?" என்றார் கணவர். கல்லைப் பெயர்த்துவிட்டு மகள் பெயரைப் பதிக்கத் திங்கட்கிழமை ஆள் வருவதாக இருந்தது. பள்ளியில் முகவரி எழுதவே நான் கூசிய பெயர்தான். ஆனால் அப்பா கடைசிவரை அதைத் தொடவில்லை. ஏனென்று நான் கேட்டதுமில்லை. அதனால் ஞாயிறன்று கிளம்பினேன்.

இணைய அகராதியில் அர்த்தம் கிடைத்திருந்தது: சரிவின் உச்சி. தட்டையான அம்பத்தூரில் ஏது சரிவு?

காலை 8.10க்கு ஐயப்பன்தாங்கலில் மகளிர் இலவசப் பேருந்து. பூந்தமல்லிக்கு 25 நிமிடம். அங்கே அப்பாவோடு வேலை பார்த்த சார் இட்லி கொடுத்தார், விளக்கம் கொடுக்கவில்லை. "அவங்க ஊர் ஞாபகத்துல வச்சிருப்பாரும்மா." அப்படியென்றால் கல்லைக் காப்பாற்ற என்னிடம் வாதமே இல்லை.

அங்கிருந்து அம்பத்தூருக்கு ஆட்டோ, 12 கிலோமீட்டர், 300 ரூபாய். வாசலில் இறங்கிக் கல்லைப் படமெடுத்தேன்.

"இன்னாக்கா, ஊட்டு பேரையா போட்டோ புடிக்கிற?" என்றார் ஓட்டுநர்.

அர்த்தத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், "வெள்ளக்காரன் கரீட்டாத்தான் வச்சிகிறான். ஏறி குந்துக்கா" என்றார்.

ஆட்டோவைத் திருப்பி, இன்ஜினை அணைத்து, காலால் ஓர் உந்தல். சத்தமில்லாமல் உருண்டோம். வேகம் பிடித்தது. நானூறு மீட்டர் தள்ளி ஏரிக்கரையில்தான் நின்றது.

"இந்தத் தெருல எத்தினி சவாரி வந்துகிறேன்! எறங்கறதுக்கு எவனும் கேஸ் செலவு பண்ண மாட்டான்க்கா."

அப்போதுதான் நினைவு வந்தது. பெருமழைக் காலங்களில் தெருவின் ஏரிப்பக்க வீட்டுக்காரர்கள் பாயும் குக்கருமாக எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். அப்பா வாசலிலேயே நின்று, "வாங்க, வாங்க, இங்க தண்ணி ஏறாது" என்பார். அவர் அந்தப் பெயரைத் தமிழில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

கரையிலிருந்தே கணவரை அழைத்து ஆட்டோ கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, கல்லு இருக்கட்டும். பாப்பா பேரை கேட்ல போட்டுக்கலாம்."

இப்படிப் பெயர் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு: அகராதி பாதி தூரம்தான் கொண்டுவிடும். காலையிலேயே கிளம்புங்கள், பூந்தமல்லி சாலையில் பத்து மணிக்கு மேல் நெரிசல். கடைசித் தெருவில் மட்டும் வண்டியை விட்டு நடங்கள். நான் ஏரியிலிருந்து நடந்தே திரும்பினேன். வாசலில் வழக்கம்போல மூச்சு வாங்கியது. நாற்பதைத் தாண்டியதிலிருந்து அதை வயது என்று நினைத்திருந்தேன். மேடுதான்.