மாமனார் சாப்பிட்ட தட்டு

ஈரச் சாம்பல் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அது தொப்பூர்க் கணவாய்தான். மலையேறி வந்த லாரிகளின் சூடு, கொதிக்கும் சாம்பார், ஓட்டலின் பின்கட்டில் ஒரு தொட்டி, தொட்டியருகே குத்துக்காலிட்டு நான்.

எழுபதுகளின் தொடக்கம். மழை ஏமாற்றியதால் மானாவாரிக் காட்டை அப்படியே போட்டுவிட்டு அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளிப் பக்கம் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முதல் ஓலை. கல்யாண அறிவிப்பைச் சாமியார் ஊர் கேட்கப் படித்துவிட்டால் பிறகு யாரும் லேசில் பின்வாங்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு மத்தியானம், சேலம் பஸ்ஸில் வந்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்கு வந்தார் பெண்ணின் அப்பா.

பார்த்துவிட்டார்.

"தரகன் ஓட்டல்ல வேலன்னான். கல்லாவுல இருப்பேன்னு நெனச்சேன்."

"கல்லாவுல மொதலாளி இருக்கறாருங்க."

உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார். "ஏப்பா, தட்டு வருமா, இல்ல சாம்பாரக் கையிலயே ஊத்தட்டுமா?"

அடுத்த தட்டை எடுத்தேன்.

"உடு. அந்த நெளிஞ்ச தட்டு நான் தின்னது."

மருமகனாக வரப்போகிறவன் தன் எச்சில் தட்டைத் தொடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவரே குந்தினார். தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பெண் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் பிசுக்கு விரலுக்குத் தெரிந்துவிட்டதே.

"அடியில எண்ணெ இருக்குதுங்க. சாம்பல் போட்டுத் தேயுங்க."

முறைத்தார். தேங்காய் நாரைச் சாம்பலில் தோய்த்துத் தேய்த்தார்.

"போச்சா?"

"ஓரத்துலயுங்க."

"எங்க வூட்டுக்காரி கூட எங்கிட்ட இந்த வேல வாங்குனதில்ல" என்றார். தேய்த்தார். "எம்பொண்ணு குண்டா கழுவுற லட்சணத்துக்கு நீ என்ன சொல்லப் போறயோ."

முன்பக்கம் கண்டக்டர் விசில் ஊதினார். பெண்ணின் அப்பா எழுந்து, தட்டை என் அடுக்கின் மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஓலைங்க..." என்று இழுத்தேன்.

"படிப்பாங்க."

கதவருகே போனவர் திரும்பினார்.

"மாப்ள, கல்யாணத்துல அந்தத் தரகன மட்டும் பந்தியில ஒக்கார வெக்காதீங்க. தொட்டிகிட்ட ஒக்கார வையுங்க."