ஆறு முடிகிற இடத்துச் சேறு

வால்புர்காவுக்கு டான்யூப் நதி கறைகளாகத்தான் பழக்கம். ஜெர்மனியில் பாஸாவ் நகரின் சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது மகள் ஹாம்பர்க்கில் குடும்பம் நடத்துகிறாள். வால்புர்கா அதே மேசை முன்னால் நிற்கிறாள். சுற்றுலாக் கப்பல்கள் கரையில் ஒதுங்கியதும் அவற்றின் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவள் பிரித்துப் போடுவாள். மேசைவிரிப்பில் மிளகாய்ப்பொடி எண்ணெய் சிவப்பாகப் படர்ந்திருந்தால் அந்தக் கப்பல் ஹங்கேரியில் நின்றிருக்கிறது. மஞ்சள் பிசுக்கு என்றால் ஆஸ்திரியாவின் ஆப்ரிகாட் ஜாம். சாக்லேட் என்றால் வியன்னா. அங்கே இறங்கியவர்கள் கேக் சாப்பிடாமல் திரும்புவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளியல் அங்கியின் கீழ் ஓரத்தில் கறுப்பாகச் சேறு காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். மீன் வாடையும் அழுகிய புல் வாடையும் கலந்து அடித்தது. மூட்டை கொண்டுவந்த இலோனாவிடம் கேட்டாள். இலோனா ஒரு கப்பலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குத் தலைவி. ஹங்கேரிக்காரி.

"இது எங்க ஒட்டுச்சு?"

"ஆறு முடியிற இடத்துல. கடலுக்குப் பக்கம். ஒரே நாணல் காடு, புர்கி. அங்க எது ஆறு, எது கரைன்னே சொல்ல முடியாது. பறவைங்க மட்டும் தெரியும்."

அந்த அங்கியை அவள் அன்று கடைசியாகத்தான் இயந்திரத்துக்குள் போட்டாள். பிறந்ததிலிருந்து இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறாள். வெள்ளம் வந்து வீட்டுக் கீழ்த்தளத்தை இரண்டு முறை நிரப்பியிருக்கிறது. ஆறு எங்கே போகிறது என்று மட்டும் பார்த்ததில்லை. நீரோட்டத்தின் திசையில் அவள் போன அதிகபட்ச தூரம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம். அதுவும் பல் மருத்துவரிடம்.

கணவன் கோர்பினியான் சுற்றுலா பஸ் டிரைவர். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு சால்ஸ்பர்க் போவான், எல்லை தாண்டி செக் நாட்டுக்குப் போவான், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வட்டமான எண் பலகையைக் குச்சியில் செருகித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, கூட்டம் அவர் பேசுவதைக் கேட்கக் கழுத்தில் ஒரு கருவியும் காதில் ஒரு கம்பியுமாகப் பின்னால் நடக்கும். டிரைவர்கள் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் குச்சிமிட்டாய்க் கூட்டம். பஸ் நிறுத்தத்தில் காபி குடித்துக்கொண்டு அவர்கள் அடிக்கும் கிண்டலில் முக்கால் பங்கு இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான்.

ஆக, மனைவி கப்பலின் படுக்கைவிரிப்பைத் துவைக்கிறாள், கணவன் கப்பலின் மனிதர்களைச் சுமக்கிறான். இருவரும் ஒரு ராத்திரிகூடக் கப்பலில் படுத்ததில்லை.

இந்தக் குளிர்காலக் கடைசியில் இலோனா ஒரு சேதி கொண்டுவந்தாள். ஏப்ரலில் கிளம்பும் முதல் பயணம், பாஸாவிலிருந்து ஆற்றின் முகத்துவாரம் வரை போய்த் திரும்புவது. யாரோ ஒரு தம்பதி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கேபின் காலி. கப்பலுக்கு வேலை செய்கிறவர்களுக்கென்று சலுகை உண்டு.

"சோதனை ஓட்டம் அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லணும். அதுக்கு மேல பிடிச்சு வைக்க முடியாது."

வால்புர்கா அன்று மாலையே பேச்சை எடுத்தாள். கோர்பினியான் முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவிக்கொண்டிருந்தான்.

"அது கிழவங்க கப்பல், புர்கி. நான்தானே ஏத்தி இறக்கறேன். பஸ் வயித்துல பெட்டியை விடக் கைத்தடிதான் நிறைய. நமக்கு இன்னும் அறுபதே ஆகல."

"போன வாரம் நம்ம மாடிப்படியில ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குனது யாரு?"

"அது படி செங்குத்து."

"அங்க லிஃப்ட் இருக்கு."

அவன் முள்ளங்கியை மென்றான். "ரூம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? நம்ம நடையில ரெண்டு கட்டில் போட்ட மாதிரி. நான் குறட்டை விட்டா எங்க போய்ப் படுப்ப?"

"இத்தனை வருஷமா எங்க போய்ப் படுத்தேன்?"

"ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியும்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. கரையில மூணு கப்பலை ஒட்டி ஒட்டிக் கட்டிருவான். நீ திரைச்சீலையை விலக்குனா, எதிர்க் கப்பல்ல ஒருத்தன் ஜட்டியோட பல்லு வெளக்கிக்கிட்டு நிப்பான்."

"நிக்கட்டுமே. உன்னை விட நல்லாத்தான் இருப்பான்."

அவன் சிரித்தான். ஆனால் விட்டுவிடவில்லை. "தண்ணி எறங்கிருச்சுன்னா என்ன ஆகும்? கப்பல் நிக்கும். மூட்டை முடிச்சோட எல்லாரையும் பஸ்ல ஏத்துவான். வருஷம் பூரா பஸ் ஓட்டிட்டு, லீவு போட்டு, கப்பல்னு கிளம்பி, கடைசியில நான் பஸ்ல உக்காரணுமா?"

வறண்ட கோடைகளில் அப்படித்தான் நடக்கிறது. மற்றதும் பொய்யில்லை. அவளுக்கே தனியாக ஒரு பயம் இருந்தது, அவனிடம் சொல்லாத பயம். அவளுக்குக் காலை வேலை, அவனுக்கு எந்த நேரம் என்று சொல்ல முடியாத வேலை. சமையலறையில் குறுக்கே போகும்போது பேசிக்கொள்வதுதான் பேச்சு. இரண்டு வாரம், தினம் மூன்று வேளை, எதிரெதிரே உட்கார்ந்து, யாரோ பரிமாற, இருவரும் என்ன பேசுவார்கள்? அந்த நாணல் காட்டின் நடுவில் நின்றுகொண்டு, பேச ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோனால்?

ஆனாலும் அவளுக்கு அங்கே போக வேண்டும். அவனோடு போக வேண்டும். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தச் சேற்றின் வாடையைத்தான் சொல்லியிருப்பாள்.

சோதனை ஓட்டம் ஒவ்வோர் ஆண்டும் சீசனுக்கு முன்னால் நடப்பது. குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த கப்பலைக் கிளப்பி, ரொட்டிக் கடைக்காரர், பூக்கடைக்காரர், சலவைக்கூடத்தார் என்று கப்பலுக்கு வேலை செய்கிற உள்ளூர்க் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, கப்பலைக் கீழ்மட்டத் தண்ணீருக்கு இறக்கிவிடும் அணைக்கட்டு நீர்ப்பூட்டைத் தாண்டி எங்கல்ஹார்ட்ஸெல் கிராமம் வரை போவார்கள். அங்கே இறக்கி பஸ்ஸில் திருப்பி அனுப்புவார்கள். கப்பல் லின்ஸ் போய்விடும். கோர்பினியான் வந்தான். சாப்பாடு இலவசம் என்பதால் வருகிறேன் என்றான்.

காலி என்று சொன்ன கேபினை இலோனா திறந்து காட்டினாள். வால்புர்கா உள்ளே போய் முதலில் செய்த காரியம், கட்டில் மேல் இருந்த துண்டை எடுத்து மடிப்பைச் சரிசெய்தது.

"விடு, உன் துண்டுதான். ஏற்கெனவே நீதான் மடிச்சே," என்றாள் இலோனா. சிரித்துவிட்டு இருவரையும் விட்டுப் போனாள்.

கட்டிலில் உட்கார வால்புர்காவுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. இத்தனை ஆண்டும் இந்த விரிப்புகளைக் கையால்தான் தொட்டிருக்கிறாள். உட்கார்ந்தாள். ஜன்னலில் ஆஸ்திரியப் பக்கத்து மலைச்சரிவு மெதுவாக நகர்ந்தது. கரையை ஒட்டிச் சாலை. கோர்பினியான் ஜன்னலோரம் நின்று, தன்னை அறியாமல் பேச ஆரம்பித்தான்.

"இந்த வளைவுல எதிர்ல லாரி வந்தா மூச்சைப் பிடிச்சுக்கணும். அந்தப் பச்சை வீட்டுக் கெழவன் தெனம் எனக்குக் கையாட்டுவான். இங்கேர்ந்து பாத்தா வீட்டுக்குப் பின்னாடி தோட்டம் இருக்கு பாரேன். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது."

அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். இப்படி அவன் பேசி எவ்வளவு நாளாயிற்று.

அப்போது சாலையில் ஒரு பஸ் கப்பலுக்கு இணையாக வந்து சேர்ந்தது. நீண்ட ஹாரன். ஓட்டி வந்தவன் ஃபெர்டி, கோர்பினியானின் கூட்டாளி. இவர்களைத் திரும்ப அழைத்துப்போக எங்கல்ஹார்ட்ஸெல் போய்க்கொண்டிருந்தான். பொதுவாகக் கப்பலைப் பார்த்து அடித்த ஹாரன்தான். கோர்பினியான் சட்டென்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

சற்று நேரத்தில் கப்பல் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்தது. கதவு மூடி, தண்ணீர் இறங்க, கப்பலும் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஈரமான கான்கிரீட் சுவர் மேலேறி மேலேறி வெளிச்சத்தை விழுங்கியது. கேபின் இருண்டது.

"கிழவங்க, குறட்டை, தண்ணி எறங்குறது, இதெல்லாம் சும்மா," என்றாள் இருட்டில். "ஃபெர்டி சிரிப்பான். அதானே?"

அவன் திரைச்சீலையை விட்டு வெளியே வந்தான்.

"ஒவ்வொரு ஊர்லயும் கப்பல்லேர்ந்து எறங்கணும், புர்கி. கீழ என்னை மாதிரி ஒருத்தன் பஸ்ஸைத் தெறந்து வெச்சுக்கிட்டு நிப்பான். பாதிப் பேர் எனக்குத் தெரிஞ்சவனுங்க. நான் கழுத்துல அந்தக் கருவியை மாட்டிக்கிட்டு, குச்சிமிட்டாய்க்குப் பின்னாடி நடக்கணும். என்னால ஆகாது."

"அப்ப நான்?"

"நீ என்ன?"

நீர்ப்பூட்டின் மறுபக்கக் கதவு திறந்தது. வெளிச்சம் வந்துவிட்டதால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

எங்கல்ஹார்ட்ஸெல்லில் எல்லாரும் இறங்கினார்கள். ஃபெர்டி பஸ் கதவருகே நின்றிருந்தான். வேண்டுமென்றே எங்கிருந்தோ ஒரு எண் பலகையைக் குச்சியோடு கொண்டுவந்து தூக்கிப் பிடித்திருந்தான்.

"வாங்க வாங்க, ஐயா. அன்புள்ள விருந்தினரே. காதுல கம்பி மாட்டிக்கிட்டீங்களா? கழிப்பறை பஸ்ல கடைசியில இருக்கு, கைத்தடியைப் பத்திரமாப் பிடிச்சுக்கங்க."

"போடா டேய்," என்றான் கோர்பினியான். காது சிவந்துவிட்டது. விருந்தினன் இல்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில், டிரைவர் செய்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று பூக்கடைக்காரர் மனைவியைக் கை பிடித்து ஏற்றினான். எல்லாரும் உட்கார்ந்ததும் நடுவழியில் கடைசிவரை நடந்து தலைகளை எண்ணினான். தங்கள் இருவரையும் சேர்க்காமல் கணக்குச் சரியாக வந்தது. எப்போதுமே அப்படித்தான் எண்ணுவான். வால்புர்கா எப்போதாவது அவன் பஸ்ஸில் வந்தால் முன்னால் வழிகாட்டியின் இருக்கையில் உட்காருவாள், பயணிகள் கணக்கில் வரமாட்டாள்.

"சரி, வண்டியை விடு," என்று ஃபெர்டியிடம் சொல்லிவிட்டு, முன்னிருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே அவன் பக்கத்தில் நின்றுகொண்டான். பஸ் கிளம்பியது.

வால்புர்கா கப்பலின் மேல்தளத்தில் இருந்தாள். கடைசியாக ஒருமுறை ஆறு போகும் திசையைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று ஏறியவள், நின்றுவிட்டாள். ஆறு அங்கே அகலமாக, அவசரமில்லாமல், மலைகளுக்கு நடுவே திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால் வியன்னா, அதற்கப்பால் சிவப்புக் கறை, அதற்கும் அப்பால் கறுப்புச் சேறு. பஸ் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அது மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

இலோனா கீழிருந்து ஓடி வந்தாள். "உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா? அட கடவுளே. உன் புருஷன் அதுல இல்ல?"

"அதுலதான் இருக்கான்."

"நாங்க இப்ப லின்ஸுக்குக் கெளம்பறோம். வர்றியா? ரயில்ல திரும்பிக்கலாம்."

வால்புர்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வருகிறேன் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது லின்ஸ் இல்லை. தனியாகவும் இல்லை. கப்பலை விட்டு இறங்கி, படகுத்துறைப் பலகை மேல் நின்றாள். மாலுமி கயிற்றை அவிழ்க்கக் காத்திருந்தான்.

முன்னிருக்கை காலி என்று கோர்பினியான் கண்டுபிடித்திருக்க வேண்டும், சற்று நேரத்தில் பஸ் திரும்பி வந்தது. கதவு திறக்குமுன்பே கோர்பினியான் படியில் நின்றிருந்தான். ஓட்டமும் நடையுமாக வந்தான். பஸ் ஜன்னல்களில் பூக்கடை, ரொட்டிக்கடை முகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

"நீ ஏறிட்டன்னு நெனைச்சேன்."

"எண்ணுனியே."

"எண்ணுனேன்." அவன் தொப்பியைக் கழற்றினான். "நம்ம ரெண்டு பேரை விட்டுட்டுத்தான் எண்ணுவேன். பழக்கம்."

"தெரியும். என்னை என்னைக்கு எண்ணியிருக்க?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் அவனைத் தாண்டி ஆற்றைப் பார்த்தாள். அவள் பார்க்கும் திசையில் அவனும் திரும்பிப் பார்த்தான். தண்ணீரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

கப்பல் வாசலிலிருந்து இலோனா கத்தினாள். "புர்கி, நான் இன்னைக்குச் சொல்லியாகணும். எத்தனை பேர்?"

வால்புர்கா கணவனைப் பார்த்தாள். கோர்பினியான் பஸ்ஸைப் பார்த்தான். ஃபெர்டி கதவில் சாய்ந்து, எண் பலகையை விசிறிபோல் ஆட்டிக்கொண்டிருந்தான். கோர்பினியான் மனைவி பக்கம் திரும்பி, பஸ்ஸின் நடுவழியில் நடக்கும்போது செய்வதுபோலவே, சுட்டுவிரலை நீட்டினான்.

"ஒண்ணு," என்றான். பிறகு விரலைத் தன் சட்டைப் பொத்தான்மேல் வைத்தான். "ரெண்டு."

"காதுல விழல!" என்றாள் இலோனா.

"ரெண்டு!" என்று கத்தினான், பஸ்ஸுக்கும் கேட்கும்படி.

பஸ்ஸில் வால்புர்கா முன் இருக்கைக்குப் போகவில்லை. நடுவில், ஆற்றுப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் ஃபெர்டியைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இந்த இருக்கைகளில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

"எடமே இல்லையே," என்று முணுமுணுத்தான். "ஜனங்க எப்படி உக்காந்து வர்றாங்க?"

மைக்கில் ஃபெர்டி, "அன்புள்ள விருந்தினர்களே," என்று தொடங்கினான். பஸ் முழுக்கச் சிரித்தது. கோர்பினியான் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், புர்கி. அந்தக் கருவியைக் கழுத்துல மாட்டமாட்டேன்."

"மாட்டுவ," என்றாள் அவள். தலையைத் திருப்பாமல்தான் சொன்னாள். பின்னால், கப்பல் ஆற்றின் திருப்பத்தில் பாதி மறைந்திருந்தது. மீதியும் மறையும்வரை கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.