கூரை பார்க்க ஒரு வழக்கு

என் மனைவிக்குப் பல்வலி வந்ததே கிடையாது. எலும்பைக் கடித்து நொறுக்குகிற பல். இருந்தும் பல் டாக்டரிடம் போய் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறாள். காரணம், அவர் கிளினிக் வைத்திருப்பது யாரோ ஒரு வியாபாரியின் பழைய மாளிகையில். பாழடைந்து கிடந்த வீட்டின் மரக்கூரையைச் சுரண்டி, மெருகேற்றி, பழையபடி ஆக்கியிருக்கிறார்கள். "அந்தக் கூரைய முழுசா பார்க்கணும்னா அந்த நாற்காலியில படுத்தாத்தாங்க முடியும்" என்றாள். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாராம். "நல்லா பாருங்க டாக்டர், எனக்கு அவசரமே இல்ல" என்றாளாம் இவள்.

இவளுக்கு மின்சார அலுவலகத்தின் புகார் அறையில் வேலை. கரண்ட் போனால் ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்கிற உத்தியோகம். அறை தரைக்குக் கீழே. பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் கூரை, அதில் ஒரு டியூப் லைட், அதுவும் கண்ணடிக்கும். நாளெல்லாம் அதற்கடியில் உட்கார்ந்து "கொஞ்ச நேரத்துல வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறவள், உயரமான கூரை எதையாவது கண்டால் அங்கேயே நின்றுவிடுவாள். பழசு, புதுசு என்ற பேதமெல்லாம் அவளுக்கு இல்லை.

ஒரு தடவை, புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் மாடிப்படி சுருள் சுருளாக ஏறுகிறது என்று கேள்விப்பட்டாள். வாட்ச்மேன் விடவில்லை. அம்மணி என்ன செய்தாள் தெரியுமா? அங்கே ஏதோ வேலை காலி என்று விசாரித்து, மனுப் போட்டு, நேர்காணலுக்கே போய்விட்டாள்! கைப்பிடியைத் தடவித் தடவி ஏறி இறங்கிவிட்டு வந்தாள். பார்த்தால், வேலையும் கிடைத்துத் தொலைத்தது. ஆனால் அவளுக்கு ஒதுக்கிய இடம் அங்கேயும் தரைக்குக் கீழேதானாம். போங்கடா என்று வந்துவிட்டாள்.

எனக்குச் செருப்புக் கடை. நாள் முழுக்க மனிதர்களின் காலைப் பார்க்கிற தொழில். சுவரையும் கூரையையும் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அவள் உள்ளே போனால் நான் வாசலில் நிற்பேன். போகிற வருகிறவர்களின் செருப்பில் எது நம் சரக்கு என்று பார்ப்பேன். புது நூலகத்தைக் காட்ட ஒரு நாள் என்னை வற்புறுத்தி இழுத்துப்போனாள். சுவரெல்லாம் பூச்சே இல்லாமல் வெறும் சிமெண்ட். "பூசுறதுக்குள்ள காண்ட்ராக்டர் ஓடிட்டான் போல" என்றேன். அதற்கு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில், இடித்துவிடுவார்கள் என்றிருந்த பழைய தானியச் சந்தையைச் செப்பனிட்டு, குடும்ப நீதிமன்றம் ஆக்கினார்கள். அதற்குப் பின்பக்கத்தில் புதிதாகவும் ஒரு கட்டடம் கட்டினார்கள். அதன் மேல்மாடி கீழே தூண் இல்லாமல் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய சந்தையின் பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழேதான் கவுன்சலிங் கூடம். வக்கீலாக இருக்கும் என் மச்சானிடம் இவள் கெஞ்சினாள். "அக்கா, அந்தக் கூடத்துக்குள்ள எங்களையே விட மாட்டாங்க. கேஸ் போட்ட புருஷன் பொண்டாட்டி மட்டும்தான் போகலாம்" என்றான் அவன். அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டாமா?

மறுநாள் சாப்பிடும்போது, "என்னங்க, நாம ஒரு விவாகரத்து கேஸ் போடலாமா?" என்றாள். உப்பை எடுங்க என்பது போலத்தான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"கவுன்சலிங் வரைக்கும்தாங்க. அப்புறம் சேர்ந்துட்டோம்னு சொல்லிட்டு வந்துடலாம்."

முடியவே முடியாது என்றேன். "சரி, விடுங்க" என்றாள். சண்டை போடவில்லை. அடுத்த நாளும் "சரி, விடுங்க" என்கிற அதே முகம். அதைப் பார்க்கச் சகிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். மனுவில் காரணம் 'கருத்து வேறுபாடு' என்று மச்சான் எழுதியிருந்தான்.

"நமக்குள்ள என்னடி கருத்து வேறுபாடு?"

"லைப்ரரி" என்றாள்.

அதற்கப்புறம்தான் எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. கூரையெல்லாம் வெறும் சாக்கோ? நிஜமாகவே என்னை விட்டுப் போகத்தான் வழி பார்க்கிறாளோ? கடையில் ஒருவருக்கு ரெண்டும் இடது காலாகக் கட்டிக் கொடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ரொம்பவே பயந்துபோனேன்.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் இருந்த ஜோடிகள் எல்லாம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான். இவள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, உதட்டில் ஒரு சிரிப்பு வேறு. கவுன்சலர் ஒரு கண்ணாடி போட்ட பெண்மணி.

"அம்மா, என்னைப் பாருங்க."

"ஒரு நிமிஷம் மேடம்."

"இவர் மேல உங்களுக்கு என்ன குறை?"

குறட்டை என்று சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம். இவள் மெல்லத் தலையை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"நிமிர்ந்தே பார்க்க மாட்டார் மேடம். எங்க போனாலும் வாசல்லயே நின்னுடுவார். எத்தனை இடம் போய்ப் பார்த்துட்டு வந்திருப்பேன்! எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. பார்க்கறதெல்லாம் தனியாவே பார்க்கறேன்." குரல் உடைந்துபோயிற்று.

எனக்குச் சுருக்கென்றது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தேன்.

அடேயப்பா! எவ்வளவு உயரம்! விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஜன்னல்கள், அத்தனையிலிருந்தும் வெளிச்சம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் முழுக்க வெண்ணெய் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கொடி வேலை. ஒரே ஒரு கட்டம் மட்டும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது.

"ஏம்மா, அந்த ஒண்ணு மட்டும் ஏன் கறுப்பா இருக்கு? ஒழுகுதா?" என்று இவளிடம் கேட்டேன்.

"ஒழுகுதாவா! அது வேணும்னே விட்டுவச்சது. எப்படி இருந்ததை எப்படி ஆக்கியிருக்காங்கன்னு தெரியணும்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "அந்த ஜன்னலப் பாருங்க. இல்லங்க, அதுக்கு அடுத்தது." என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். எதிரே கவுன்சலரும் கண்ணாடியைச் சரிசெய்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஜோடி ஒன்றும் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவுன்சலருக்கு வேலை ஞாபகம் வந்தது. "மனுவை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"வாங்கிக்கறோம்" என்றேன் முந்திக்கொண்டு. போன உயிர் திரும்பி வந்திருந்தது.

"அதை இங்க சொன்னா பத்தாது. பின்னால புதுக் கட்டடத்துல மேல்மாடி. ரெண்டு பேரும் நீதிபதி முன்னால வந்து சொல்லணும்."

தூண் இல்லாத மாடி! என் மனைவியின் விரல்கள் என் கையை இறுக்கின.

"மேடம், அது உடனே முடிஞ்சிடுமா, இல்ல நாலஞ்சு வாய்தா இழுக்குமா?" என்று கேட்டேன்.

"ஒரே நாள்ல முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க."

என் முகம் தொங்கிப்போனதை இவள் பார்த்துவிட்டாள்.

"விடுங்க" என்றாள் காதோடு. "லிஃப்ட்ல போகாம படியேறிப் போவோம்."