மைக் ஆட்டோவும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும்

தொண்டையை வாடகைக்கு விட்டுப் பிழைப்பது என் தொழில். திண்டிவனத்தில் மைக் ஆட்டோ ஓட்டுகிறேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சாவு அறிவிப்பு, மழைக்காலம் வந்தால் புயல் எச்சரிக்கை. மைக் பிடித்துக் கெட்ட சகோதரர்களே, இந்த மூன்றில் எதற்கு ஜனம் கதவைத் திறக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

முதல் மண்டலம்

பெருமுக்கல் பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தெரு. எல்லாம் மண் சுவர் வீடுகள். அதிகாரிகள் கொடுத்த தாளை அப்படியே படித்துக்கொண்டு போனேன்: “வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்று…” கடைசி வீட்டு ஏழுமலை துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். அந்தத் தெரு என் குரலைச் சாவுக்கு மட்டுமே கேட்டுப் பழகியது. யாரும் சாகவில்லை, கனமழை வரப்போகிறது என்றேன்.

“அடப்பாவி, மாலை வாங்க ஆளு அனுப்பிட்டேனே தம்பி!”

வலுவிழந்தது

ஆனாலும் மனுஷர் என்னை நம்பினார். அவரும் மனைவி செல்வியும் ரோட்டில் காயப்போட்ட மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, ஈரத்தோடு வாரி மூட்டை கட்டி உள்ளே அடுக்கினார்கள். மண்டலம் நடுக்கடலிலேயே வலுவிழந்துவிட்டது. மூட்டை மட்டும் புழுங்கிப் பூசணம் பிடித்தது. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். செல்வி ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“உன் மண்டலத்த மோந்து பாருண்ணா, எப்புடி நாறுதுன்னு.”

பாதுகாப்பான இடம்

அடுத்த எச்சரிக்கைக்கு இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். மேகம் திரண்டது, கலைந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தால் சினை ஆட்டைக் காணோம். யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூசியது. ஏழுமலை திட்டியிருந்தால் தேவலை.

“கடல் பண்றதுக்கு நீ இன்னா பண்ணுவ தம்பி? ஆனா இனிமே நான் ஊட்ட உட்டு நவுரமாட்டேன்.”

மூன்றாம் முறை

இந்த முறை தாளை ஓரமாக வைத்துவிட்டேன். மண்டலம், அழுத்தம் எல்லாம் வேண்டாம், சுவர் ஊறினால் நிற்காது, வெளியே வாருங்கள் என்று கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ஏழுமலை வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன். என் தொல்லை தாங்காமல் செல்வியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

“இவள ஜல்தியா இட்டுக்கினு போ. மிச்சம் இருக்குற ஆட்டுக்குக் காவல் ஒரு ஆளு வோணும்ல.”

மழை விட்ட பிறகு

மழை விடாமல் கொட்டியது. ஏரிக்கரை அரித்ததே தவிர உடையவில்லை. ஊரே பெருமூச்சு விட்டது. வெயில் தலைகாட்டிய பிறகுதான் ஊறிக் கிடந்த சுவர் ஏழுமலை மேல் சாய்ந்தது.

அறிவிப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதே தெரு, அதே மைக். “ஏழுமலை அவர்கள்” என்றதுமே அழுதுவிட்டேன். அதற்குள் எல்லாக் கதவும் திறந்துகொண்டன. செல்வி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நிறுத்தாதண்ணா, சொல்லு. இதுக்குன்னா எல்லாரும் வெளிய வர்றாங்க பாரு.”

மழை வருகிறது என்றால் தாழ்ப்பாள் போடும் தெரு, ஆள் போய்விட்டார் என்றால் மாலையோடு வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே தொண்டையில் சொல்லித்தான் நாம் சோறு தின்கிறோம்.